நாலாம் நம்பர் அறை

வியன்னா
11 செப்டம்பர் 1983

அன்புள்ள சென்ஸி அக்காவுக்கு,

தம்பி வென்டெலின் எழுதுவது. இங்கே நாங்கள் நாலு பேரும் சுகம். எனக்கு மட்டும் முதுகுவலி. டிராம் ஓட்டுகிறவனுக்கு அது வேலையோடு சேர்ந்தே வருவது. காஸியன் அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? மேனா நன்றாகப் படிக்கிறாளா?

விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் பள்ளி விடுமுறை விடும் வாரத்தில் குடும்பத்தோடு ஊருக்கு வந்து பனிச்சறுக்கு ஆடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். நெல்லி போன வாரம் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். "உங்கப்பா டிரோல் மலைக்காரர்னு பீத்திக்கிறியே, சறுக்குப் பலகையில எது முன்பக்கம்னாவது தெரியுமாடி?" என்று கேட்டிருக்கிறார்கள். பதினொரு வயதாகிறது, கேட்டால் கேட்கட்டும் என்று விட முடியவில்லை. ரூப்பர்ட்டுக்கும் எட்டு ஆகிவிட்டது.

ஹெர்த்தா சில கேள்விகள் எழுதச் சொல்கிறாள். காலையில் வெந்நீர் வருமா? மலைமேல் கொண்டுபோகும் லிஃப்டில் ஏறினால் பாதியில் நின்றுவிடுமா? சாப்பாட்டில் பன்றிக் கொழுப்பு இல்லாமல் ஏதாவது கிடைக்குமா? இதற்கெல்லாம் உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிப் பதில் எழுது.

என் பக்கம் ஒன்றே ஒன்றுதான். எங்களுக்கு நம் விடுதியில் நாலாம் நம்பர் அறை வேண்டும். பிள்ளைகளுக்குத் தரையில் மெத்தை போட்டுக்கொள்கிறோம்.

அத்தானுக்கும் மேனாவுக்கும் எங்கள் அன்பு.

உன் தம்பி,
வென்டெலின்

*

சோனெக் விடுதி, ஹின்டெர்மோஸ்
20 செப்டம்பர் 1983

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். நீ ஊரைவிட்டுப் போய் இருபத்தைந்து வருஷம். கோடையில் வருவாய், நாலு நாள் புல் வெட்டுவாய், போய்விடுவாய். ஒரு குளிர்காலத்தில்கூட எட்டிப் பார்த்ததில்லை. அத்தானிடம் சொன்னேன். "அவனா? பனிக்காலத்துலயா? காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதான்னு கேளு" என்கிறார். அவர் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வாயும் அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் பார், வருவதுதான் வருகிறாய், வியன்னா முழுக்கக் கிளம்பி வரும் அந்த வாரத்தையா பிடிக்க வேண்டும்? எப்படியோ ஒன்பதாம் அறையை உங்களுக்கு ஒதுக்கிவிட்டேன். பெரிய அறை, உள்ளேயே குளியல், ஹெர்த்தா நாள் முழுக்க வெந்நீரில் ஊறலாம்.

நாலாம் நம்பர் முடியாது. அது பதினேழு வருஷமாக அரசவை ஆலோசகர் ஸ்வெட்லருடையது. அரசரும் இல்லை, அவையும் இல்லை, ஆலோசகர் மட்டும் இருக்கிறார். பள்ளித் தலைமையாசிரியராக இருந்து வாங்கிய பட்டம். அவர் மனைவியையும் "ஆலோசகர் அம்மா" என்றுதான் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சூப் ஆறும் வரை திரும்பிப் பார்க்க மாட்டார். உன் வியன்னாவிலேயே, ஹீட்ஸிங்கில்தான் வீடு. உன் டிராமில்கூட ஏறியிருப்பார்.

லிஃப்ட் பாதியில் நிற்கும். அத்தான்தான் இயக்குகிறார், அவருக்கும் தேநீர் குடிக்க வேண்டுமல்லவா? ஹெர்த்தாவிடம் இதைச் சொல்லாதே.

உன் அக்கா,
கிரெசென்ஸ்

*

வியன்னா
2 அக்டோபர் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். பிள்ளைகளுக்கு இருமல் நின்றுவிட்டது.

ஒன்பதாம் அறை வேண்டாம். உனக்குத் தொந்தரவு கொடுக்கிறேன் என்று தெரிகிறது. ஆனால் நாலாம் நம்பர்தான் வேண்டும். ஆலோசகருக்கு ஒன்பதைக் கொடு. குளியல் இருக்கிறது, பெரிய அறை என்று நீயே எழுதியிருக்கிறாய், அவருக்குப் பிடிக்கும்.

கார்ச் சக்கரத்துக்குச் சங்கிலி வாங்கிவிட்டேன். நெல்லி தன் பனிச்சட்டையை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரிகிறாள்.

உன் தம்பி,
வென்டெலின்

*

ஹின்டெர்மோஸ்
14 அக்டோபர் 1983

தம்பிக்கு,

எல்லாரும் சுகம் என்று நினைக்கிறேன். எனக்கு உன் கடிதம் வந்ததிலிருந்து தலைவலி.

ஆலோசகருக்கு ஒன்பதைக் கொடு என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்! வருஷா வருஷம் வரும் விருந்தாளி என்றால் என்னவென்று இந்த வீட்டில் வளர்ந்த உனக்கு மறந்துவிட்டதா? அவருடைய மேஜை, அவருடைய நாற்காலிக்குத் தனி மெத்தை, கோட்டு மாட்ட அவருடைய கொக்கி. முந்தின வருஷம் அந்தக் கொக்கியில் ஒரு ஜெர்மன்காரர் தொப்பியை மாட்டிவிட்டார். ஆலோசகர் கோட்டைக் கழற்றாமலே இரவு உணவை முடித்தார். அவரிடம் போய் அறையை மாற்று என்று நான் சொல்ல வேண்டுமா?

ஏப்ரல் கடைசியில் வா. ஈஸ்டருக்குப் பிறகு வா, மேலே பனி இருக்கும், வீடே காலி, நாலாம் நம்பர் என்ன, மாடி முழுக்கத் தருகிறேன். பள்ளிக்கு ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தால் என்ன? அப்படியும் முடியாதென்றால் பக்கத்து ஃபிங்க் வீட்டில் அறை கேட்கிறேன். அங்கே உன் ஹெர்த்தாவுக்குக் கொழுப்பில்லாத சமையலும் உண்டு, ருசியும் இருக்காது.

அந்த அறையில் அப்படி என்னடா இருக்கிறது? புதையலா? இருக்கிறதிலேயே சின்ன அறை. நடைக்கோடியில்தான் குளியல். ஜன்னலைத் திறந்தால் விறகுக் கொட்டகையின் கூரை. ஒற்றைக் காலில் நிற்கிறாயே, காரணத்தையாவது சொல்லித் தொலை. நீ குளிர்காலத்தில் வர வேண்டும் என்று எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடைசியில் வருகிறேன் என்கிறாய், என்னால் முடியாத ஒன்றை மட்டும் கேட்கிறாய்.

உன் அக்கா,
கிரெசென்ஸ்

*

ஹின்டெர்மோஸ்
20 நவம்பர் 1983

அன்புத் தம்பிக்கு,

ஐந்து வாரமாயிற்று. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையா? முதுகுவலி அதிகமா? அத்தான், "உன் தம்பி முறுக்கிக்கிட்டான், விடு" என்கிறார். மேனாவோ, மாமா எப்போது வருவார், நெல்லிக்கு நான்தான் சறுக்கக் கற்றுக்கொடுப்பேன் என்று குதிக்கிறாள்.

ஒன்பதாம் அறையை இன்னும் உனக்காகத்தான் பிடித்து வைத்திருக்கிறேன். ஒரு பல் டாக்டரை வேண்டாமென்று அனுப்பிவிட்டேன். போன கடிதத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. அப்படி எழுதாவிட்டால் நீ கேட்பவனா?

ஒரு அட்டையாவது போடு.

அக்கா

*

அஞ்சலட்டை
வியன்னா, 26 நவம்பர் 1983

அக்கா, எல்லாரும் சுகம். கவலைப்படாதே. நாலாம் நம்பரை எங்கள் பெயருக்கு எழுதிக்கொள். ஆலோசகரிடம் நானே போய்ப் பேசிவிட்டேன். ஒன்பதுக்குச் சம்மதித்துவிட்டார்.
வெ.

*

ஹின்டெர்மோஸ்
1 டிசம்பர் 1983

வென்டெலின்,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

நீ என்ன காரியம் செய்திருக்கிறாய்? என் விருந்தாளியின் வீட்டு வாசலில் போய் நின்றாயா? டிராம் சீருடையிலா? அவர் ஊரில் இருக்கும்போது நாங்கள் அவருக்கு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவோம், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டோம். விருந்தாளியிடம் போய் எதையும் கேட்கக் கூடாது என்று அப்பா உன்னை அடித்துச் சொன்னது எல்லாம் எங்கே போயிற்று? பதினேழு வருஷம் நான் கட்டிக் காத்த மரியாதையை ஒரு மத்தியானத்தில் கவிழ்த்துவிட்டாய்.

சம்மதித்துவிட்டாராம். பெரிய மனிதர்கள் வாசலில் அப்படித்தான் சொல்வார்கள். கதவைச் சாத்தியதும் வேறு ஊருக்குக் கடிதம் எழுதி அறை கேட்பார்கள். அவர் போனால் அவர் சொல்லி வந்த மூன்று குடும்பமும் போகும். அடுத்த வருஷம் நீதான் டிராமில் ஆள் பிடித்து அனுப்ப வேண்டும்.

தபால்காரர் வந்தால் அத்தானைத்தான் வாசலுக்கு அனுப்புகிறேன். ஹெர்த்தாவுக்காவது கொஞ்சம் புத்தி இருக்கும் என்று நினைத்தேன்.

கிரெசென்ஸ்

*

வியன்னா, ஹீட்ஸிங்
6 டிசம்பர் 1983

மதிப்பிற்குரிய விடுதித் தலைவி திருமதி கிரெசென்ஸ் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் கணவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். என் மனைவிக்கு இரத்த அழுத்தம் சற்றுக் கூடுதல். மற்றபடி குறையில்லை.

சென்ற மாதம் தங்கள் சகோதரர் என் இல்லத்துக்கு முன்னறிவிப்பின்றி வந்தார். கையில் ஒரு பெட்டி கேக். எனக்கு இது பிடிக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. எதற்காக என் அறை வேண்டும் என்று கேட்டேன். தொப்பியைக் கழற்றிக் கேக் பெட்டியின் மேல் வைத்தார். பிறகு சொன்னதை அவர் சொன்ன விதமாகவே எழுதுகிறேன்.

"ஐயா, எனக்குப் பத்து வயசு இருக்கும்போது அப்பா அந்த வீட்டைக் கட்டினார். மே மாசம் என்னைக் கூட்டிட்டுப் போய் அந்த அறையைக் காட்டி, இது உன்னோடதுடான்னார். டிசம்பர் இருபதாம் தேதி அப்பாவே ஒரு விருந்தாளியோட பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து, எந்திரிடா, கீழே போன்னார். கீழேன்னா இஸ்திரி அறை. ஈஸ்டர் வரைக்கும் அங்கேதான். ஒன்பது குளிர்காலம், ஐயா. பனி கொட்டுறப்போ அந்த ஜன்னல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. என் பிள்ளைங்க, உன் அறை எதுப்பான்னு கேட்குதுங்க. ஒரு வாரம் படுத்துப் பார்க்கணும், அவ்வளவுதான்."

இதைத் தங்களிடம் சொல்லலாமே என்றேன். "அக்காகிட்டயா? அவளும் பக்கத்துக் கட்டில்லதானே படுத்திருந்தா. அவகிட்ட என்னன்னு சொல்றது?" என்றார்.

அம்மையீர், நான் ஆசிரியராக முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவன். பதினேழு ஆண்டுகளாக ஒரு பையனின் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியாது. தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கருதுகிறேன். ஒன்பதாம் அறைக்கு நாங்கள் மனமுவந்து மாறிக்கொள்கிறோம். மேஜையையும் கொக்கியையும் மட்டும் விட்டுக்கொடுப்பதற்கில்லை.

கடைசியாக ஒன்று. விடுதி நிரம்பி வழியும் அந்த மாதங்களில் தாங்கள் எங்கே உறங்குகிறீர்கள் என்று நான் இதுவரை கேட்டதில்லை. இப்போது கேட்கலாமா?

மரியாதையுடன்,
ஸ்வெட்லர்

*

ஹின்டெர்மோஸ்
15 டிசம்பர் 1983

அன்புத் தம்பிக்கு,

இங்கே நேற்றிலிருந்து விடாமல் பனி. அத்தான் கூரையில் ஏறித் தள்ளிக்கொண்டிருக்கிறார். நீங்கள் எல்லாரும் சுகம்தானே?

ஆலோசகர் கடிதம் எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். ஊரார் யாரோ சொல்லித்தான் என் தம்பி மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் நானே அந்த மனிதரின் காலைப் பிடித்திருப்பேன். வாயைத் திறந்து கேட்பதற்கு உனக்கு ஹீட்ஸிங் போக வேண்டியிருந்ததா?

அந்த இஸ்திரி அறையில் நீ அழுதது எனக்குத் தெரியும். முதல் குளிர்காலம், கொதிகலன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. நான் பேசாமல் படுத்திருந்தேன். எனக்குப் பதினாலு வயது, எனக்கும் அழுகை வந்தது, இரண்டு பேரும் அழுதால் அம்மா யாரைப் பார்ப்பாள் என்று அடக்கிக்கொண்டேன்.

நாலாம் நம்பர் உங்களுடையது. பிப்ரவரியில் அந்தச் சனிக்கிழமை இருட்டுவதற்குள் வந்து சேருங்கள், கணவாய் ரோட்டில் ஹெர்த்தா கூச்சல் போட்டால் நீ பள்ளத்தில் விட்டுவிடுவாய்.

ஆலோசகர் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அதற்கு நான் பதில் எழுதவில்லை. இந்தத் தொழிலில் சிலதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஐந்து நாளில் கூட்டம் வந்துவிடும், வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

உன் அக்கா,
கிரெசென்ஸ்

*

வியன்னா
19 பிப்ரவரி 1984

அன்புள்ள சென்ஸி அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். ரூப்பர்ட் கட்டிலிலிருந்து சோபாவுக்குச் சறுக்கிக்கொண்டிருக்கிறான். நெல்லி பள்ளியில் நாள் முழுக்க மேனாவின் புகழ்தான் பாடுகிறாள். லிஃப்ட் நின்றபோது ஹெர்த்தா போட்ட சத்தத்துக்கு அத்தானிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள்.

வந்து ஒரு வாரமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை நெல்லியின் கையுறையைக் காயப்போட இடம் தேடிக் கீழே வந்தேன். இஸ்திரி அறைக் கதவைத் திறந்தேன். மூன்று கட்டில். இஸ்திரிப் பலகையில் உன் மூக்குக் கண்ணாடி. கொதிகலன் மேல் அத்தானின் சவரக் கிண்ணம். மூலைக் கட்டிலில் மேனாவின் பள்ளிப் புத்தகங்கள். அதே மூலை, அக்கா. நான் படுத்திருந்த மூலை.

நீயும் அத்தானும் கோடையில் படுக்கும் ஆறாம் அறையில் லின்ஸ் ஊர்க்காரர்கள் இருந்ததைப் பார்த்தேன். மேனாவின் அறையில் யாரோ குறட்டை விட்டதைக் கேட்டேன். அப்படியானால் நீங்கள் எங்கே என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. அம்மா காலத்தோடு அது போய்விட்டது என்றே நினைத்திருந்தேன். மூன்று மாதம் ஒரே அறைக்காக உன் உயிரை வாங்கினேன். நீ எங்கே படுக்கிறாய் என்று ஒரு கடிதத்திலாவது கேட்டேனா? ஆலோசகர் கடைசியில் கேட்டதாக நீ எழுதிய கேள்வி இதுவாகத்தான் இருக்கும்; அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அன்றைக்கு அப்புறம் எனக்கு அந்த அறையில் தூக்கம் வரவில்லை. ஐந்து மணிக்கெல்லாம் கீழே வந்து விறகு சுமந்தது அதனால்தான். விடுமுறைக்கு வந்தவன் எதற்கு உருளைக்கிழங்கு உரிக்கிறான் என்று நீ திட்டியபோது சொல்லத்தான் வாயெடுத்தேன்.

பெரியவர்கள் விதியே என்று இருந்துகொள்ளலாம். மேனாவுக்கு என்ன தலையெழுத்து? எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் தம்பி,
வென்டெலின்

*

ஹின்டெர்மோஸ்
27 டிசம்பர் 1984

அன்புத் தம்பிக்கு,

கிறிஸ்துமஸுக்கு ஹெர்த்தா அனுப்பிய பிஸ்கட் பெட்டி வந்தது, பாதி பொடியாக. உன் முதுகு எப்படி? இங்கே அத்தானுக்கு முழங்காலில் ஊசி போட்டிருக்கிறார்கள்.

உன் பிப்ரவரிக் கடிதத்துக்குப் பத்து மாதமாக நான் பதில் எழுதவில்லை. கோடையில் நீ வரவா என்று கேட்டபோதும் இடம் இல்லை என்று இரண்டு வரி போட்டேன். அது பொய். கோடையில் இங்கே இடத்துக்கு என்ன பஞ்சம்? உன் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட வேண்டும் போலிருந்தது. ஏதோ நாங்கள் கொட்டகையில் கிடப்பதைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி எழுதியிருந்தாய். இங்கே இந்தத் தெருவில் எந்த வீட்டில் குளிர்காலத்தில் தன் கட்டிலில் படுக்கிறார்கள்? ஃபிங்க் வீட்டில் ஏழு பேர் சமையலறையில். நீ பதவிசாக வியன்னாவிலிருந்து வந்து வெட்கப்பட்டுவிட்டுப் போகிறாய், இங்கே விருந்தாளிகளுக்குப் படுக்கை விரிப்பது யார், நீயா?

இதையெல்லாம் மனதுக்குள் எத்தனையோ தடவை உனக்கு எழுதினேன்.

போன இருபதாம் தேதி காலை நான் மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேனா ஒரு கையில் பெட்டி, கக்கத்தில் தலையணை, இறங்கி வந்துகொண்டிருந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. "எங்கேடி போறே?" என்றேன். "கீழேதாம்மா. இன்னிக்கு இருபதாச்சே" என்றாள், தினமும் பள்ளிக்குப் போகிற மாதிரி. அவளுக்குப் பதினாறு வயது. அவள் ஒருநாளும் அழுததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீயாவது அழுதாய்.

"மேலே போ" என்றேன்.

"என்னம்மா?"

"மேலே போடி. பெட்டியை வச்சுட்டு வந்து தேநீர் குடி."

அவள் அறையை மட்டுமல்ல, எங்கள் ஆறாம் அறையையும் யாருக்கும் விடப்போவதில்லை என்று சொன்னதும் அத்தான் வீட்டை இரண்டாக்கிவிட்டார். "பைத்தியமா உனக்கு? ஆறாம் நம்பருக்கு லின்ஸ்காரங்க நாளைக்கு வர்றாங்க! பதினோரு வருஷமா வர்றவங்க!" நானே அவர்களுக்குப் போன் போட்டேன். அறை இல்லை, நீங்கள் பிடித்து வைத்த இரண்டு அறையுமே இல்லை, ஃபிங்க் வீட்டில் பேசி வைத்திருக்கிறேன் என்றேன். அந்தம்மா கத்தினாள். "எங்க அறையை யாருக்குக் குடுத்தீங்க? எங்களைவிடப் பெரிய ஆளு யாரு வந்திருக்கா?" "வீட்டுக்காரி வந்திருக்கிறாள்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை, போனை வைத்துவிட்டாள். அத்தான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "இந்த மெத்தை இவ்வளவு நல்லாவா இருக்கும்?" என்றார்.

எனக்கு முதலில் தூக்கமே வரவில்லை. கொதிகலன் சத்தம் இல்லாமல் காது அடைத்த மாதிரி இருந்தது. எழுந்து கீழே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். போகவில்லை. உன்னைத்தான் திட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.

நாலாம் நம்பரை ஆலோசகருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் கேட்டதற்குப் பதிலும் எழுதிவிட்டேன். பிப்ரவரியில் உங்களுக்கு ஒன்பது. முணுமுணுக்காமல் வந்து சேருங்கள்.

இன்றைக்குக் காலை கண் விழித்தபோது ஜன்னலில் பாதி வரைக்கும் பனி ஏறியிருந்தது. மேல் பாதியில் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே யாரோ காபிக்கு மணி அடித்தார்கள், நான் எழுந்திருக்கவில்லை. அம்மா இருபத்தேழு குளிர்காலம் இந்த வீட்டை நடத்தினாள், வென்டெலின். ஒரு நாள்கூட இதைப் பார்க்காமல் செத்துப்போனாள். அதை நினைத்துக்கொண்டு கால் மணி நேரம் அழுதேன், பிறகு இறங்கிப் போய்க் காபி போட்டேன்.

உன் அக்கா,
சென்ஸி